இரட்டைச் சமக்குறி

2019 ஜூன் 3, திங்கள்

புதிய வேலை வந்திருக்கிறது. ‘லூமாவில் நிரல் எழுதுவோம்’, 212 பக்கம், ஒன்பது இயல். லூமா என்பது உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை. அதில் சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உண்டு. கடைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் முதல் தமிழ்ப் புத்தகம் இதுவே என்று முதலாளி ராஜாங்கம் காலையிலிருந்து மூன்று பேரிடம் போனில் சொல்லிவிட்டார். ஓர் அறக்கட்டளை ஜூலையில் நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்கு ஆயிரத்து இருநூறு பிரதி எடுத்துக்கொள்கிறதாம்.

என்னை அறைக்குக் கூப்பிட்டார். “அருணகிரி சார், இதுவரைக்கும் நீங்க பாத்தது பக்தி, இலக்கணம், சமையலு. இது வேற மாதிரி. தோதுப்படலேன்னா இப்பவே சொல்லீருங்க. மெட்ராஸ்ல ஒருத்தர் வீட்ல இருந்தே மெய்ப்புப் பாத்து அனுப்புறாராம்.”

“தமிழ்லதான எழுதியிருக்கு? அப்ப நான் பாப்பேன்” என்றேன்.

“இந்தப் புத்தகத்துல பாப்போம். அப்புறம் எல்லா வேலையும் அவருக்குப் போறதா, இங்கயே இருக்கறதான்னு முடிவு பண்ணிக்கலாம்.”

புத்தக ஆசிரியர் ஷகிலா பானு பதினொரு மணிக்கு வந்தார். திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் விரிவுரையாளர். அச்சுக்கோக்கும் ரூபியின் கணினியில் சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கையில் பலகை இல்லாதவர்கள் நிரலைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் கருவி அது.

“சார், ஒவ்வொரு நிரலையும் இதுல போட்டு ஓட்டுனா அரை நிமிஷம். விளக்கு எரியுதா, அணையுதான்னு பாத்துட்டு டிக் அடிச்சிருங்க. நிரல்ல மட்டும் கண்ண நம்பாதீங்க.”

“முப்பத்தொரு வருஷமா கண்ண நம்பித்தாம்மா சாப்புடுறேன்.”

ரூபி சிரித்தாள். அந்தம்மா சிரிக்கவில்லை.

என் கையில் போன எந்தப் புத்தகத்திலும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட நேர்ந்ததில்லை. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூன் 6, வியாழன்

முதல் இரண்டு இயல் முடிந்தது. 118 திருத்தம். பெரும்பாலும் ஒற்று. ‘விளக்கை காண்க’ என்று எழுதியிருக்கிறார், க் இல்லாமல். முனைவர் பட்டம் வாங்கியவர்.

மூன்றாம் இயலை அவர் திரும்ப எழுதுகிறாராம். கடைசியில்தான் வரும். அதுவரை நான்கிலிருந்து பார்க்கச் சொன்னார் முதலாளி.

மதியம் ரூபி கூப்பிட்டாள். “சார், இங்க வாங்களேன். நானே எழுதுனது.” திரையில் பலகையின் படம். அதில் ஒரு விளக்கு மினுக்கியது. “மொத இயலப் படிச்சேன், அப்படியே அடிச்சேன், எரியுது சார்! அந்த மேடம் நல்லா எழுதியிருக்காங்க. எனக்கே புரியுதுன்னா பாத்துக்கங்க.”

“சோறு சாப்ட்டியா? பதினாறாம் பக்கத்துல தலைப்பு சாஞ்சு கெடக்கு. அதப் பாரு” என்றேன்.

ஒன்பது வருடமாகச் சோழவந்தானிலிருந்து ரயிலில் வந்துபோகிறாள். நல்ல வேலைக்காரி. கொஞ்சம் வாய்.

ஜூன் 7, வெள்ளி

மிக்ஸி தயாராகவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

நான்காம் இயலில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நிரல்களில் சமக்குறி இரண்டு இரண்டாக விழுந்திருக்கிறது. ‘பொத்தான் == 1 என்றால் விளக்கை ஏற்று.’ சில வரிகளில் ஒன்றுதான் இருக்கிறது, சில வரிகளில் இரண்டு. ஒரே புத்தகத்தில் ஒரே குறி இரண்டு விதமாக வரக் கூடாது. விசை அழுந்தினால் இப்படி ஆகும். ரூபியின் கீபோர்டில் புள்ளி இரண்டாக விழுந்து போன வருடம் பெரும்பாடு பட்டோம்.

“சார், இது நான் அடிச்சதில்ல. மேடம் அனுப்புன ஃபைல்லயே இப்படித்தான் இருக்கு” என்றாள்.

“அப்ப அவங்க கீபோர்டும் உன்னுது மாதிரிதான்.”

“கேட்டுருவமா சார்? ஒரு போனு.”

“சமக்குறி ஒண்ணா ரெண்டான்னு முனைவர் பட்டம் வாங்குனவங்களக் கேக்கச் சொல்றியா? அஞ்சாப்புக் கணக்கும்மா இது.”

முதல் இடத்தில் பச்சை மையால் அடித்து, ஓரத்தில் ‘எல்லா இடத்திலும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக எதற்கு, ஒரே தட்டில் மாற்றிவிடவா என்று கேட்டாள். மாற்று என்றேன். ‘43 இடங்களில் மாற்றப்பட்டது’ என்று திரையில் வந்தது. நாற்பத்து மூன்று. மெட்ராஸ்காரர் பார்த்திருந்தால் பாதி தப்பியிருக்கும்.

ஜூன் 12, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 19, புதன்

ஏழாம் இயலில் இருக்கிறேன். முதலாளி என் மேசைக்கே வந்தார். நான் திருத்திய தாள்களைப் புரட்டினார்.

“பயந்துக்கிட்டே கொடுத்தேன் சார். நாப்பத்து மூணு எடத்துல டபுளா விழுந்ததப் பிடிச்சீங்களாமே. ரூபி சொன்னா.”

“கண்ணு இருக்குல்ல” என்றேன்.

“மெட்ராஸ்காரர வேண்டாம்னு சொல்லீர்றேன். நீங்களே இருங்க.”

வீட்டில் சொன்னேன். காந்திமதி, “அப்ப மிக்ஸிய வாங்கிட்டு வாங்க” என்றாள்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்றாம் இயல் இன்று வந்தது. பதினெட்டுப் பக்கம். 47ஆம் பக்கத்தில் ஆசிரியர் கட்டம் கட்டி இப்படி எழுதியிருக்கிறார்:

‘ஒற்றைச் சமக்குறி மதிப்பைக் கொடுக்கும். இரட்டைச் சமக்குறி, சமமா என்று கேட்கும். கேட்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டால் கணினி குறை சொல்லாது. பேசாமல் தவறாக ஓடும். புதிதாகப் படிப்பவர்கள் தம் அறிவையே சந்தேகிப்பார்கள்.’

ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

தலைவலி. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

நான் போவதற்கு முன்பே ரூபி வந்திருந்தாள். சிமுலேட்டர் திறந்திருந்தது.

“சார், மூணாவது இயல்ல அந்தக் கட்டத்தப் பாத்தீங்களா? அதப் படிச்சிட்டு நம்ம மாத்துன நிரல ஓட்டிப் பாத்தேன். ஒத்தக் கோடு போட்டா பொத்தான அமுக்குனாலும் வெளக்கு எரியுது, அமுக்காட்டியும் எரியுது. ரெட்டையாப் போட்டாத்தான் அணையுது. நாம எடுத்தது தப்பு சார்.”

“கம்ப்யூட்டர்ல ஓட்டுறது நம்ம வேல இல்ல.”

“அப்ப திரும்பப் போட்டுரட்டா? ஆனா ஒரே தட்டுல முடியாது. சரியா ஒத்தையா இருக்குறதும் ரெட்டையாயிரும். ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும். ரெண்டு நாள் ஆகும்.”

ஃபைல் நான்கு மணிக்குள் சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாள் வேண்டுமென்றால் முதலாளியிடம் காரணம் சொல்ல வேண்டும்.

“ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஃபைல ரெடி பண்ணு” என்றேன்.

“பேசீருங்க சார். பாவம், படிக்கிறவங்க.”

முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மணி ஆகிவிட்டது. என்ன சொன்னார் என்று ரூபி கேட்டாள். அனுப்பச் சொல்லிவிட்டார் என்றேன். ஃபைலை அனுப்பச் சொல்லி அவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஜூலை 12, வெள்ளி

புத்தகம் வந்தது. நூற்கட்டு நன்று. முதுகில் பசை சரியாக ஏறியிருக்கிறது. ஆயிரத்து இருநூறு பிரதியும் இன்றே வண்டியில் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்விட்டன. ரூபி ஒரு பிரதியை எடுத்து நடுப் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தாள்.

எனக்கு இரண்டு பிரதி கொடுத்தார்கள். ஒன்றை மச்சினனுக்குக் கொடுத்தேன். அவன் வீட்டில் கணினி இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

வாசகர் கடிதம் ஒன்று. உசிலம்பட்டியில் தையற்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள், வயது நாற்பத்தொன்று, பத்தாவது வரை படித்தவர். பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர். தபாலை நான்தான் பிரிப்பது வழக்கம்.

‘பொத்தானை அமுக்கினாலும் விளக்கு எரிகிறது, அமுக்காவிட்டாலும் எரிகிறது. பதினோரு நாள் முயன்றேன். சிமுலேட்டரிலும் பார்த்தேன். எழுத்து எழுத்தாகப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். புத்தகத்தில் தப்பு இருக்காது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டேன். பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்ல புத்தகம் போட்டதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.’

கையெழுத்து அழகாக இருக்கிறது. சந்திப்பிழை இரண்டு, இங்கே திருத்தி எழுதியிருக்கிறேன். பதில் கேட்டு எழுதிய கடிதம் அல்ல. கோப்பில் வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஷகிலா பானு முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். கையில் புத்தகம், அதில் நாற்பதுக்கு மேல் ஒட்டுச் சீட்டுகள். முதலாளி அறைக் கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டது.

“என் பேரு அட்டையில இருக்கு சார். அறுபது பேரு சேர்ந்த வகுப்புல பதினேழு பேருதான் மிச்சம். மத்தவங்க எல்லாம் ‘எங்களுக்கு வராது மேடம்’னுட்டுப் போயிட்டாங்க. அவங்க சரியாத்தான் அடிச்சிருக்காங்க. புத்தகம் பொய் சொல்லுது. நான் யாரப் போய்த் தேடுறது?”

முதலாளி என்னவோ சொன்னார்.

“மூணாவது இயல் ஒழுங்கா இருக்கு. நாலுலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஒண்ணு விடாமப் போயிருக்கு. இது கண்ணு தவறுனது இல்ல. கம்ப்யூட்டர்ல யாரோ ஒரே அடியா மாத்தியிருக்காங்க.”

கதவு திறந்தது. முதலாளி என் மேசையைப் பார்க்கவில்லை. கணினி இருக்கும் பக்கம்தான் பார்த்தார். ரூபி இன்று விடுப்பு. அவள் மகளுக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 10, சனி

மாடி அலமாரியில் கரையான் ஏறியிருக்கிறது. மெய்ப்புக் கட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. லூமா புத்தகத்தின் கட்டை மட்டும் பாதுகாப்புக்காக வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

“என்ன இது குப்ப?” என்றாள் காந்திமதி.

“ஆபீஸ்ல கரையான்.”

“நம்ம வீட்ல மட்டும் கரையான் விரதமா இருக்குதாக்கும்.”

கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முதலாளி ரூபியையும் என்னையும் ஒன்றாகக் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

“ஏம்மா, மொத்தமா மாத்துனது நீதான?”

“ஆமா சார். அருணகிரி சார் மாத்தச் சொன்னாரு. பச்ச மையில அடிச்சு, எல்லா எடத்துலயும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்காரு. அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு நானே சொன்னேன். உங்ககிட்டப் பேசுறேன்னாரு. பேசிட்டேன், நீங்க அனுப்பச் சொன்னீங்கன்னாரு.”

“எங்கிட்டயா? எங்கிட்ட யாரும் பேசலயே.” முதலாளி என் பக்கம் திரும்பினார். “அந்தத் தாள் இருக்கா சார்?”

“மாடி அலமாரியில கரையான்” என்றேன். அலமாரியில் கரையான் இருப்பது உண்மை. அதைத்தான் சொன்னேன்.

ரூபி மாடிக்கு ஓடினாள். கால் மணி நேரம் கழித்துக் கை நிறைய மண்ணோடு வந்தாள். “எல்லாக் கட்டும் இருக்கு சார். பாதி அரிச்சதும் இருக்கு, அரிக்காததும் இருக்கு. அது மட்டும் இல்ல.”

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“சார், நீங்க சொல்லுங்க. சொன்னீங்களா இல்லயா? ஒரு வார்த்த.”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

“நாப்பத்து மூணுன்னு பெருமயா எழுதி வச்சிருப்பீங்களே சார் எங்கயாவது! அதுகூடவா ஞாபகம் இல்ல?”

“அன்னைக்கு நாப்பத்து மூணப் பிடிச்சாருன்னு நீதானம்மா எங்கிட்ட வந்து சொன்ன?” என்றார் முதலாளி.

“ஆமா சார். அப்ப எனக்கும் தெரியாது. அவரு சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்.”

அந்த வார்த்தை முதலாளியை யோசிக்க வைத்தது போலத்தான் இருந்தது. என்னையே பார்த்தார். அப்போது போன் அடித்தது. அறக்கட்டளையிலிருந்து. யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர், “கம்ப்யூட்டர் பகுதியில இருந்தவங்கள நிறுத்தியாச்சுங்க” என்றார். சொன்ன பிறகு அதுதான் முடிவு என்று ஆகிவிட்டது. அவருக்கும் வேறு வழியில்லை. மெட்ராஸ்காரரை அவர் ஏற்கெனவே வேண்டாமென்று சொல்லிவிட்டார். மெய்ப்புக்கு வேறு ஆள் கிடையாது.

ஜூன் பதினொன்றாம் தேதிக் குறிப்பை இப்போதுதான் திரும்பப் படித்தேன். 43 என்றுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

ரூபி கீபோர்டைத் துடைத்து, துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெந்நீர் அடுப்புக்குக் காகிதம் தேவைப்பட்டது. நல்ல தாள், சீக்கிரம் பற்றியது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ரூபியின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அவள் கணினியில் ஒரு கடிதம் அடிக்கப் போனேன். சிமுலேட்டர் அதிலேயே இருக்கிறது. 61ஆம் பக்கத்து நிரலைப் புத்தகத்தில் உள்ளபடி அடித்தேன். ஓட்டினேன். விளக்கு எரிந்தது. பொத்தானை விட்டேன். எரிந்தது. இன்னொரு சமக்குறியைச் சேர்த்து ஓட்டினேன். பொத்தானை விட்டதும் அணைந்தது.

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சிம்மக்கல்லில் காந்திமதிக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு ஜெராக்ஸ் கடையில் ரூபி நின்றிருந்தாள். நான் பார்க்காதது போலத்தான் நடந்தேன். அவள் கூப்பிட்டாள்.

“சார், நல்லாருக்கீங்களா? கண்ணு எப்படி இருக்கு?”

“இருக்கும்மா. இங்கயா இருக்க?”

“ஆமா சார். நல்ல வேல. என்ன வைக்கிறமோ அதுதான் வரும். எத எடுக்கணும், எத விடணும்னு யாரும் சொல்றதில்ல.” இயந்திரத்தின் மூடியைத் திறந்து ஒரு ரேஷன் அட்டையை வைத்தாள். “பாப்பாவுக்கு லூமா சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். புத்தகத்துல பேனாவால ஒவ்வொரு கோடாப் போட்டுட்டேன். நாப்பத்து மூணும்.”

“நல்லது.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும் சார். தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் லேட்டு. அவ்வளவுதான? ரெண்டு நாளுக்கா?”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன்.

“வாங்க சார். ஒரு பக்கம் ஒண்ணர ரூவா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களும் ஏனென்று தெரியாமல் சிரித்தார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

லூமா புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு. இம்முறை ஷகிலா பானு பக்கங்களைத் தாமே அமைத்து அனுப்பிவிட்டார். நிரல்கள் எல்லாம் சிமுலேட்டரில் ஓடிய பிறகு அங்கிருந்து நேராகப் பக்கத்தில் வந்து விழுகின்றனவாம். இடையில் ஒரு கையும் படாது.

“உங்களுக்கு வேல மிச்சம் சார்” என்றார் முதலாளி. “பதிப்புரை மட்டும் நான் எழுதியிருக்கேன். ஒரு பக்கம்தான். அதப் பாத்துக் கொடுத்துருங்க, போதும்.”

மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கடைசிப் பத்தி இது:

‘முதற்பதிப்பில் நேர்ந்த பிழைகளுக்கு பொறுப்பானவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். எங்கள் நூல்களின் மெய்ப்பை முப்பத்தோர் ஆண்டுகளாகப் பழுதறப் பார்த்துவரும் திரு. அருணகிரிக்கு நன்றி.’

நான்கு முறை படித்தேன். ‘பிழைகளுக்கு’ என்பதை அடுத்து ஒரு ப் விட்டுப்போயிருக்கிறது. பச்சை மையால் சேர்த்தேன்.

வேறு திருத்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.